இடம் கிடைத்த பிறகு வரும் மதிப்பெண்

(சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில், ஏப்ரல் மாதம், உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழ்த்துச் சொல்லித் தொடங்கவேண்டிய மாதம் இது. மார்ச் கடைசியில் வந்த கடிதங்களுக்காக நம் வீடுகளில் கேசரி கிண்டியாகிவிட்டது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வாட்ஸாப்பில் படம் போயாகிவிட்டது. உங்கள் பிள்ளைகளில் சிலர் என் வகுப்பிலேயே படிக்கிறார்கள். அவர்கள் உழைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்தச் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்ததைச் சந்தோஷமில்லாத ஒரு சம்பவத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

சில வருடங்களுக்கு முன், ஜூன் முதல் வாரத்தில், என் கால்குலஸ் வகுப்பில் ஒரு பையனுக்கு டி கிரேடு போட்டேன். கணக்குப்படி சரியான டி. முதல் செமஸ்டரில் பி வாங்கியவன். மார்ச் மாதத்திலிருந்து அவனிடமிருந்து வீட்டுப்பாடம் வருவது நின்றுபோனது. எங்கள் பள்ளியின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. கொடுக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று விழும். மே மாதம் முடியும்போது அவன் பெயருக்கு நேரே பதினான்கு சிவப்புக் கட்டங்கள். பெற்றோரும் பார்க்கக்கூடிய பக்கம்தானே, பார்த்திருப்பார்கள் என்று நான் இருந்துவிட்டேன். அவனுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம் ஒன்றில், அதாவது யூ.சி.யில், இடம் கிடைத்திருந்தது. மே மாதம் முழுக்க அந்த வளாகத்தின் பெயர் போட்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஆகஸ்ட்டில் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். அச்சடித்து நான்காக மடித்த ஒரு மின்னஞ்சலைக் கையில் வைத்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “டீச்சர், குடுத்த இடத்தை எப்படித் திருப்பி எடுத்துக்குவாங்க?”

அந்த டி-யை மாற்ற எனக்கு உரிமை இல்லை, மாற்றவும் இல்லை. ஆனால் மார்ச் மாதத்திலேயே ஒரு போன் செய்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் இதைப் பேசுகிறேன்.

அந்த அம்மா கேட்ட கேள்வி நம்மிடம் மட்டும் ஏன் இவ்வளவு அதிர்ச்சியோடு வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதியவர்கள். மார்ச்சில் பரீட்சை, மே மாதத்தில் ரிசல்ட், அப்புறம் கட் ஆஃப், கவுன்சிலிங். கையில் சீட்டு வந்தபோது நம் மதிப்பெண் எல்லாம் முடிந்த கதை. கவுன்சிலிங் முடிந்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கலாம், அதற்குமேல் யாரும் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே மதிப்பெண் வந்த பிறகு இடம். இந்த நாட்டில் இடம் வந்த பிறகும் மதிப்பெண் வந்துகொண்டே இருக்கிறது. கடிதம் வரும்போது பன்னிரண்டாம் வகுப்பின் பாடங்கள் இன்னும் முடிந்திருக்காது. நமக்குப் பழக்கமான வரிசை தலைகீழாகிக் கிடப்பதால், ‘அட்மிஷன் கிடைத்தாயிற்று’ என்ற சொல்லை ஊரில் சொன்ன அதே பொருளில் இங்கேயும் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகளிடம் புழங்கும் அரைகுறைச் செய்தி ஒன்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. “யூ.சி.க்கு ட்வெல்ஃத் கிரேடு கணக்கே கிடையாது” என்பார்கள். இதில் பாதி உண்மை. யூ.சி. கணக்கிடும் ஜி.பி.ஏ.வில், அதாவது கிரேடு சராசரியில், பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும்தான் வரும். விண்ணப்பிக்கும்போது பள்ளியிலிருந்து மதிப்பெண் பட்டியல்கூட அவர்களுக்குப் போகாது. பிள்ளை தானே தட்டச்சு செய்து அனுப்பிய கிரேடுகளை நம்பித்தான் இடம் கொடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் என்னென்ன பாடம் எடுக்கிறோம் என்று எழுதிக்கொடுத்ததையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மீதிப் பாதி உண்மை ஜூலையில் வருகிறது. ஜூலை 1-க்குள் பள்ளியிலிருந்து இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், நேராகப் போய்ச் சேரவேண்டும். பிள்ளை சொன்னதும் பள்ளி சொல்வதும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுவது அப்போதுதான்.

மே 1-க்குள் இடத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, முன்பணம் கட்டி, ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அந்தப் பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திவிடுகிறார்கள். யூ.சி. வளாகங்கள் பலவற்றில் அந்த நிபந்தனை ஏறக்குறைய இப்படி இருக்கும்: பன்னிரண்டாம் வகுப்பில் சராசரி 3.0-க்குக் குறையக் கூடாது. எந்தப் பாடத்திலும் டி அல்லது எஃப் வரக் கூடாது. விண்ணப்பத்தில் சொன்ன பாடங்களை முடிக்கவேண்டும். ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்கவேண்டும். ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி சேருமா சேராதா என்பதும் மற்ற நுணுக்கங்களும் வளாகத்துக்கு வளாகம் மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கடிதத்தை வைத்து உங்கள் பிள்ளையின் கடிதத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.

நான் கணக்கு டீச்சர், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மாணவிக்கு ஆறு பாடம். முதல் செமஸ்டரில் மூன்று ஏ, மூன்று பி. ஏ-வுக்கு நான்கு, பி-க்கு மூன்று. கூட்டினால் 21, ஆறால் வகுத்தால் 3.5. இரண்டாவது செமஸ்டரில் ஒரு ஏ, இரண்டு பி, இரண்டு சி, ஒரு டி. நான்கும் ஆறும் நான்கும் ஒன்றும் 15, வகுத்தால் 2.5. இரண்டையும் சேர்த்தால் வருடச் சராசரி சரியாக 3.0. அந்தப் பெண் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தப்பித்தோம் என்று படுத்துவிடுவாள். ஆனால் அந்த ஒரு டி இருக்கிறது. சராசரி என்னவாக இருந்தாலும் அது தனியாக ஒரு நிபந்தனையை உடைத்துவிட்டது.

பாடத்தை மாற்றுவதும் இப்படித்தான். ஜனவரியில், “ஏ.பி. பிசிக்ஸ் கஷ்டமாக இருக்கிறது, விட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்கிறேன்” என்று பிள்ளை பள்ளிக் கவுன்சிலரிடம் போய்க் கையெழுத்து வாங்கி மாற்றிக்கொள்கிறது. பள்ளிக்குத் தெரியும், வீட்டுக்கும் தெரியும், கல்லூரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. புதுப் பாடத்தில் ஏ வாங்கினாலும் அவர்கள் பார்த்து இடம் கொடுத்த பாடத்திட்டம் வேறாகிவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், கிரேடே குறையாமல் சிக்கலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

தனியார் கல்லூரிகளின் வழி சற்று வேறு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் மூலம் விண்ணப்பித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் முடிந்ததும் பள்ளிக் கவுன்சிலர் நடுவருட அறிக்கை அனுப்புவார். ஜூனில் இறுதி அறிக்கை போகும். நவம்பரில் எர்லி டிசிஷன் முறையில் விண்ணப்பித்து டிசம்பரிலேயே இடம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்களே, எனக்கு அவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. அந்த முறையில் இடம் கிடைத்ததும் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு கிரேடு சரிந்து அந்த ஒரு கதவும் மூடினால், தட்டுவதற்கு வேறு கதவு இருக்காது. டிசம்பர் 15 வாக்கில் முடிவு வந்தபின் ஆறு மாதம் பள்ளி மீதமிருக்கிறது. பதினேழு வயதில் ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம்!

எல்லாச் சரிவும் ரத்தில் முடிவதில்லை. பெரும்பாலும் முதலில் வருவது ஒரு கடிதம்: உன் இறுதி அறிக்கையைப் பார்த்தோம், என்ன நடந்தது என்று எழுது. பதிலைப் பொறுத்து அப்படியே விட்டுவிடுவதும் உண்டு, கோடையில் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வதும் உண்டு. முதல் வருடம் கண்காணிப்பில் வைப்பதும் உண்டு. சில இடங்களில் இடம் தப்பிக்கும், உதவித்தொகை போய்விடும். ஜார்ஜியா மாநிலத்தில் ஹோப் உதவித்தொகைக்குப் பள்ளி முடிக்கும்போது 3.0 சராசரி வேண்டும், ஜெல் மில்லர் உதவித்தொகைக்கு 3.7. அட்லான்டா பக்கம் உறவினர் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள், 3.0-க்குச் சற்றுக் கீழே விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பணம் போகும் என்று சொல்வார்கள். ஒரே ஒரு கிரேடு அந்த வித்தியாசத்தைப் போட்டுவிடும்.

ரத்து என்பது உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் அறிந்த நிகழ்வு ஒன்றைச் சொல்கிறேன். 2017 கோடையில் யூ.சி. அர்வைன் 499 பேருடைய இடத்தை ரத்து செய்தது. அதில் 290 பேருக்குச் சொல்லப்பட்ட காரணம் ட்ரான்ஸ்கிரிப்ட் சிக்கல்: நேரத்துக்கு வரவில்லை, முழுமையாக இல்லை என்பது போல. 209 பேருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கிரேடு குறைவு. அந்த வருடம் அவர்கள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 850 பேர் கூடுதலாக இடத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு தொடங்க ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இருந்தது. மாணவர்கள் கொதித்தார்கள், ட்ரான்ஸ்கிரிப்ட்டை நேரத்துக்கே அனுப்பினோம் என்று ஆதாரம் காட்டினார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி வேந்தர் ஹோவர்ட் கில்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். காகிதச் சிக்கலால் இடம் இழந்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். கல்வித் தகுதியை எட்டவில்லை என்பது ட்ரான்ஸ்கிரிப்ட்டிலேயே தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு பொருந்தவில்லை.

அர்வைன் செய்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிற்கும் பிள்ளையைக் கோடை நடுவில் வெளியே நிறுத்துவது கொடுமை. நிபந்தனை எப்போதும் தாளில் இருக்கும். அதை எவ்வளவு கறாராகப் பிடிப்பார்கள் என்பதை அந்த வருடம் எத்தனை விடுதிப் படுக்கை, எத்தனை வகுப்பறை இருக்கிறது என்பதும் தீர்மானிக்கக்கூடும் என்று அந்தக் கோடை நமக்குக் காட்டியது. போன வருடம் ஒரு அண்ணனுக்கு ஒரு டி-யை மன்னித்தார்கள் என்பதை நம்பி இந்த வருடம் தங்கை இருக்க முடியாது. அந்த 290 பேரை நினைத்து ஒன்று செய்யுங்கள்: பள்ளி ட்ரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பியதா என்று ஜூன் கடைசியில் நீங்களே கேளுங்கள், போய்ச் சேர்ந்ததா என்று கல்லூரியின் இணையப் போர்ட்டலில் பாருங்கள், தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இனி, என்னால் மறக்க முடியாத இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் சொன்ன பையனுக்கு மூன்று வருடம் கழித்து வந்த மாணவி. அவளும் நன்றாகப் படிப்பவள். டிசம்பரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், மாலை நேரங்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பாடத்தில் டி. மார்ச் கடைசியில் யூ.சி.யிலிருந்து நல்ல செய்தி. அடுத்த நாள் மூன்றே காலுக்குப் பள்ளி விட்டதும் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, “இதை அவர்களிடம் சொல்லவேண்டுமா?” என்று கேட்டாள். அவள் வீட்டில் யாருக்கும் இன்னும் அந்த டி தெரியாது. அப்பா மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் எப்படிச் சொல்வது என்று அழுதாள்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம். அவள் எழுதிய முதல் வடிவம் ஒரு பக்கத்துக்கு மேல். மன்னிப்பில் தொடங்கி, சின்ன வயதிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின்மேல் இருக்கும் ஆசையைச் சொல்லி, கடைசிப் பத்தியில்தான் டி வந்தது. “படிக்கிறவர் முதல் வரியிலேயே தெரிந்துகொள்ளவேண்டியதைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறாய்” என்றேன். அழித்து எழுதினாள். முதல் வரியில் பெயரும் விண்ணப்ப எண்ணும். இரண்டாவது வரியில் எந்தப் பாடம், எந்த செமஸ்டர், என்ன கிரேடு. பிறகு காரணம், இரண்டே வாக்கியம். பிறகு இப்போது என்ன செய்கிறாள்: வாரம் இரண்டு நாள் ஆசிரியரிடம் கூடுதல் நேரம், இன்றைய தேதியில் அந்தப் பாடத்தில் பி, அந்த டி-யை ஈடுகட்ட கோடையில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடக் கல்லூரியில், ஒரு பாடம் எடுக்கலாமா என்ற கேள்வி. மொத்தம் பதினொரு வரி. அனுப்புவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னேன். என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கம் அவள் அம்மா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சரி, அனுப்பு கண்ணு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். நான்கு மணிக்கு அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: கோடையில் அந்தப் பாடத்தை எடுத்து சி-க்குக் குறையாமல் முடி, இரண்டாவது செமஸ்டரில் இனிமேல் எதுவும் சரியக் கூடாது, இடம் அப்படியே இருக்கும்.

டி வாங்கிய அந்தப் பையனுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவன் அம்மா வந்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது. பிப்ரவரியில் அவனுடைய நெருங்கிய சிநேகிதன் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டான். அதிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். பிள்ளைகள் இதற்கெல்லாம் ‘சீனியரைட்டிஸ்’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள், ஏதோ காய்ச்சல் மாதிரி. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. சோம்பலையும் களைப்பையும் மனச்சோர்வையும் துக்கத்தையும் அது ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. உங்கள் பிள்ளையின் கிரேடு சரியும்போது இவற்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோம்பல் என்றால் கண்டிக்கலாம். தூக்கமே வராமல் கிடக்கும் பிள்ளையைக் கண்டித்து என்ன பயன்?

நம் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு வருடமாக ‘எத்தனை வாங்கினே’ என்று கேட்டுத்தான் பிள்ளையை வீட்டுக்குள் விடுகிறோம். 97 என்றால் மீதி மூன்று எங்கே என்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை ஒரு டி-யோடு எந்த வாசல் வழியாக உள்ளே வரும்? மறைக்கத்தான் பார்க்கும். கல்லூரிக்குச் சொல்லவேண்டிய நேரமெல்லாம் வீட்டில் மறைப்பதிலேயே போய்விடும். அந்தப் பையன் மே மாதத்தில் பதினொரு வரி எழுதியிருந்தால் அவன் இடம் பிழைத்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்வேன். கல்லூரிகள் காரணத்தைக் கேட்காதவை அல்ல. 2020 வசந்தத்தில் கோவிட்டால் பள்ளிகள் மூடியபோது யூ.சி. எழுத்து கிரேடே இல்லாமல் பாஸ் என்று மட்டும் போட்டாலும் ஏற்றுக்கொண்டது. காரணத்தை நேரத்தோடு சொன்னால் கேட்கிற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள்.

எல்லாம் கைமீறி ரத்துக் கடிதமே வந்துவிட்டால்? மேல்முறையீடு செய்ய வழி இருக்கும். கெடு குறைவு, கடிதத்தில் போட்டிருக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. புதிதாக ஏதாவது ஆவணம் இருந்தால் சேருங்கள்: மருத்துவர் கடிதம், பள்ளிக் கவுன்சிலர் கடிதம், திருத்திய கிரேடு. பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதிய கடிதம் என்பது படித்த உடனே தெரிந்துவிடும். அதோடு, இந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே டி ஆன்ஸா, ஓலோனி, ஃபுட்ஹில். அங்கே படித்து, நிர்ணயித்த பாடங்களையும் சராசரியையும் எட்டினால் இடம் உறுதி என்று ஆறு யூ.சி. வளாகங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். நான் சொன்ன பையன் அந்த வழியில்தான் போனான். இரண்டு வருடம் கழித்து ஒரு யூ.சி.யில் மூன்றாம் வருடத்தில் சேர்ந்தான். கல்யாண வீடுகளில், “எந்த காலேஜ்?” என்று கேட்டபோது அந்த இரண்டு வருடமும் அவன் அம்மா பதில் சொல்லாமல் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாம்தான்.

இன்றைக்கு ஏப்ரல் மூன்றாவது வாரம். மே 1 வரப்போகிறது, அதை ஒட்டியே ஏ.பி. பரீட்சைகள் தொடங்கும், ஜூன் தொடக்கத்தில் கிரேடு முடிவாகும், ஜூலை 1-க்கு இன்னும் பத்து வாரம். இப்போது சி-யில் தத்தளிக்கும் ஒரு பாடத்தைத் தூக்கிவிட ஆறு வாரம் போதும். வகுப்பில் நான் அதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இன்று மாலை வீட்டுக்குப் போய், கணினியைத் திறந்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நிபந்தனைப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். அதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

நேரம் இருக்கிறது, கேள்வி கேட்கலாம். கடைசி வரிசையில் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கிறீர்களே, அம்மா, முதலில் நீங்கள் கேளுங்கள்.